கொக்கு மார்க் ராலியும் மதுரைச் சீமையின் சைக்கிள் சரித்திரமும்

மதுரைக்காரர்களிடம் சரித்திரம் எழுதச் சொன்னால் பாண்டியரில் ஆரம்பித்து நாயக்கர் மகாலில் கொண்டுவந்து முடிப்போம். அதில் தப்பில்லை. ஆனால் நம் அப்பா, தாத்தா தலைமுறையின் வாழ்க்கையையே மாற்றிப் போட்ட இன்னொரு சரித்திரம் இரண்டு சக்கரத்தில் உருண்டு வந்தது. அதற்குக் கல்வெட்டு கிடையாது, செப்பேடு கிடையாது. கொல்லையிலும் மாட்டுத் தொழுவத்திலும் மாடிப்படிக்குக் கீழேயும் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய சைக்கிள்தான் அதற்குச் செப்பேடு. அந்தச் செப்பேடுகள் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள் "ஏதாவது சரித்திரமா எழுதுங்க" என்றார்கள். நான் சரித்திரம் படித்தவன் அல்ல, இன்ஜினியர். என் தாத்தாவின் ராலி சைக்கிளைப் பிரித்துப் பூட்டி ஓட வைத்ததில் எனக்குத் தெரிய வந்த சரித்திரம் இது. நம் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் இடம் பிடிக்கக் காலையில் போட்டி போட்ட சீனியர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு முழுவதும் புதுசாக இருக்கலாம்.

பர்மிங்காமிலிருந்து மாசி வீதிக்கு

இன்று நாம் சைக்கிள் என்று சொல்லும் வண்டியின் உருவம் 1885-ல் வந்தது. இங்கிலாந்தில் காவன்ட்ரி என்ற ஊரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' சைக்கிளில்தான் இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின் என்ற அமைப்பு நிலைபெற்றது. அதற்கு முன்னால் முன் சக்கரம் ஆள் உயரம், பின் சக்கரம் தட்டு அளவு. அதில் ஏறவே தனியாகத் தைரியம் வேண்டும். 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், காற்றடைத்த டயருக்குப் பேட்டன்ட் வாங்கினார். உருவமும் டயரும் சேர்ந்தவுடன் சைக்கிள் உலகம் முழுக்கப் புறப்பட்டுவிட்டது.

அதைச் செய்தவர்களைப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். பி.எஸ்.ஏ. என்றால் 'பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. 1861-ல் துப்பாக்கி செய்ய ஆரம்பித்த கம்பெனி. அதன் முத்திரையில் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் இருப்பது அதனால்தான். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போன வண்டியில் துப்பாக்கி முத்திரை! ராலி கம்பெனி 1880களின் கடைசியில் நாட்டிங்காம் நகரத்தில் பிராங்க் பௌடன் என்பவர் கையில் பெரிதானது. அதன் முத்திரையில் நாரையின் தலை இருக்கும். பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தின் உள்ளேயும் மூன்று நாரைத் தலைகளை வெட்டி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'கொக்கு மார்க்'. 1910-ல் ஆரம்பித்த ஹெர்குலிஸ், விலை குறைந்த உழைக்கிற வண்டி என்று பெயர் எடுத்தது.

நம்ம ஊருக்கு இவையெல்லாம் கப்பலில் வந்தன. முதலில் துரைமார்களும் வக்கீல்களும் டாக்டர்களும் ஓட்டினார்கள். பிறகு குமாஸ்தா, வாத்தியார். அதன் பிறகுதான் மில் தொழிலாளியும் வியாபாரியும். 1892-ல் ஆரம்பித்த ஹார்வி மில் போன்ற ஆலைகளில் ஷிப்டுக்குச் சங்கு ஊதினால், நடந்து வர வேண்டியவன் எத்தனை மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நடை மணிக்கு ஐந்து கிலோமீட்டர். அதே மூச்சில் சைக்கிள் பதினைந்து போகும். வேலைக்குப் போய்த் திரும்பக்கூடிய தூரம் மூன்று மடங்கானால் அந்த வட்டத்துக்குள் வரும் ஊர்களின் பரப்பு ஒன்பது மடங்கு. இது சாதாரணக் கணக்குதான். ஆனால் மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, திருப்புவனம் பக்கத்துக் கிராமங்களை மதுரையோடு தினசரி கட்டிப் போட்டதில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் எவ்வளவு பங்கோ, இந்தக் கணக்குக்கும் அவ்வளவு பங்கு உண்டு. மதுரைச் சமவெளியில் ஏற்ற இறக்கம் குறைவு என்பதும் சேர்ந்துகொண்டது.

அம்பத்தூரும் ஆசன்சாலும்

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுச் சைக்கிள் இறக்குமதி படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. "இங்கேயே செய்யுங்கள்" என்பது அரசாங்கத்தின் கொள்கை. முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சென்னைக்கு அருகில் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாரானது. பின்னர் பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களும் அங்கிருந்தே வந்தன. சைக்கிளுக்கு வேண்டிய எஃகுக் குழாய்க்காக 1955-ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ், செயினுக்காக 1960-ல் டி.ஐ. டயமண்ட் செயின் என்று ஒன்றன் பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன. ஒரு சைக்கிளைச் செய்யப் புறப்பட்டால் ஒரு தொழில் பேட்டையே வேண்டியிருக்கிறது!

வடக்கே வங்காளத்தில் ஆசன்சால் பக்கத்தில் சென்-ராலி கம்பெனி 1950களின் ஆரம்பத்தில் ராலியை இந்தியாவில் செய்யத் தொடங்கியது. 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் முஞ்சால் சகோதரர்களின் ஹீரோ. முப்பதே வருஷத்தில், 1986-ல், உலகத்திலேயே அதிகம் சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று ஹீரோ கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

இப்படி ஊர் ஊராக மாறினாலும் வண்டி மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 28-க்கு ஒன்றரை அங்குல டயர், ராடு பிரேக், முன்னால் 32 போக்ஸ் கம்பி, பின்னால் 40, செயின் பிட்ச் அரை அங்குலம். பின்னால் மட்டும் ஏன் எட்டுக் கம்பி கூடுதல்? ஓட்டுகிறவரின் எடையும் கேரியரில் வைக்கும் சுமையும் பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் விழுகிறது. பிரிட்டிஷ்காரன் போட்ட அந்தக் கணக்கு நம்ம ஊர்ச் சுமைக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

ஊர் ஏற்றுக்கொண்ட விதம்

இங்கிலாந்துக்காரன் செய்தது பாதி வண்டிதான், மீதிப் பாதியை நம்மாட்கள் செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம். கேரியரை அகலப்படுத்திப் பால் கேன் தொங்கவிடக் கொக்கி வைத்தார்கள். மல்லிகைப் பூ மூட்டை, வாழை இலைக் கட்டு, சுங்குடிச் சேலை மூட்டை, டீக்கடைக்குப் போகும் பன் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் ஒரு பட்டறைக்காரர் ஒரு கம்பியை வளைத்துக் கொடுத்தார். முன்பாரில் குழந்தைக்குச் சின்ன சீட்டு. ஹேண்டில்பாரில் தூக்குவாளி.

சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை. மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு கொடுப்பார்கள். கால் எட்டாத பையன்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகியது பெரும்பாலும் இந்த வாடகை வண்டிகளில்தான். 2024-ல் 'குரங்கு பெடல்' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்ப் படம் வந்தது என்றால், அந்த முழங்கால் தழும்பு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு, வருஷம் பொறித்த உலோக வில்லை கொடுத்தன. வில்லை இல்லாவிட்டால் அபராதம். இருட்டில் விளக்கு இல்லாமல் போனால் அபராதம். டபுள்ஸ் போனால் அதற்கும் அபராதம். காற்றைப் பிடுங்கிவிட்டு "தள்ளிக்கிட்டுப் போ" என்று அனுப்பிய கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

பெண்கள் ஏறியது இந்தச் சரித்திரத்தின் பெரிய திருப்பம். மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டர் போனால் புதுக்கோட்டை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதி நாடு முழுக்கத் தெரிந்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். "பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், அதுதான் வசதி" என்று சொன்னவர்களும் இருந்தார்களாம். பிறகு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் 2005-06-ல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இன்று நம் கல்லூரிக்கு வரும் தங்கைகளில் பலர் பிளஸ் ஒன்னில் அந்தச் சைக்கிளை மிதித்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

தொழுவத்தில் கிடந்த ராலி

இனி என் தாத்தா வண்டிக்கு வருகிறேன். எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். தாத்தாவுக்கு வெற்றிலை வியாபாரம். விடியுமுன்னே வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு இருபது கிலோமீட்டருக்கு மேல் மிதித்து மதுரை மார்க்கெட்டுக்குப் போவார். வண்டியை அவர் புதிதாக வாங்கவில்லை, செகண்ட் ஹேண்ட். முன்பக்கத் தகட்டில் 'நாட்டிங்காம், இங்கிலாந்து' என்று இருக்கிறது. ஹேண்டில்பார் தண்டோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கி வைத்திருந்த வில்லையில் 1958-59 என்று வருஷம். அப்படியானால் அதற்கு முன்னாலேயே தாத்தாவிடம் வந்துவிட்டது. அவருக்குப் பிறகு அப்பா அதில்தான் வேலைக்குப் போனார். டி.வி.எஸ். 50 வந்த அன்று சைக்கிள் தொழுவத்துக்குப் போனது.

அதை வெளியே எடுத்தபோது, வீட்டுக் கதவுக்கு அடித்த மீதிப் பச்சை பெயின்ட் வண்டி முழுக்க இருந்தது. அப்பாவின் கைவேலை. சீட்டுத் தோல் அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. பெடல் நகரவில்லை.

கோயம்புத்தூரில் பழைய சைக்கிள் சேர்க்கிற நண்பர் ஒருவர் போட்டோவைப் பார்த்துவிட்டு ஆலோசனை சொன்னார்: "பெயின்டைப் பூரா எரிச்சு எடுத்துடுங்க. பவுடர் கோட்டிங் பண்ணுங்க. ரிம்மு, ஹேண்டில்பாரைத் திரும்பக் குரோம் போடுங்க. அந்த அசிங்கமான கேரியரைக் கழட்டித் தூக்கிப் போடுங்க. ராலி ஸ்டிக்கர் புதுசு ஆர்டர் பண்ணிடலாம். ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி ஆயிடும்." நல்ல மனசோடு சொன்னதுதான். உலகம் முழுக்கப் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மதுரையில் நான் வண்டியைக் கொண்டுபோன மெக்கானிக் ஐயா எழுபதைத் தாண்டியவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏன் தம்பி, ஓட்டப் போறீங்களா, பார்க்கப் போறீங்களா?"

"ஓட்டணும் ஐயா."

"அப்ப பெயின்டைப் பத்திக் கடைசியில பேசுவோம். மொதல்ல கப்பு, கோனு, ஆக்சில்."

பிரித்தபோது தெரிந்தது

கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் நேராக அடித்தால் அந்த அடி உள்ளே பால்ரஸ் வரைக்கும் போய்க் கப்பில் பள்ளம் விழும். ஐயா கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரையோடு முட்டுக் கொடுத்து நிறுத்தினார். இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊற வைத்தார். பிறகு ஒரே அடி. பின் வெளியே வந்துவிட்டது.

வலது பக்கக் கப்புக்கு இடது மரை. இடது பெடலுக்கும் இடது மரை. ஏன் என்று நம் கல்லூரியில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பால்ரஸ் உள்ளே உருளும்போது கப்பை அச்சு சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். எபிசைக்ளிக் கியர் படித்தவர்களுக்குப் படம் போட்டால் விளங்கிவிடும். மரையை அதற்கு ஏற்றபடி வைத்தால் ஓட ஓட இறுகும், மாற்றி வைத்தால் ஓட ஓடக் கழன்றுவிடும்.

அடுத்து ஒரு சிக்கல். கப்பு தேய்ந்திருந்தது. கடையில் வாங்கிய புதுக் கப்பு இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. காரணம் சரித்திரத்தில் இருந்தது. பிரிட்டிஷ் சைக்கிள் உலகம் பொதுவாக அங்குலத்துக்கு 24 மரை என்று ஒரு பொது அளவுக்கு வந்தது. இந்தியத் தொழிற்சாலைகளும் அதையே எடுத்துக்கொண்டன. நாட்டிங்காம் ராலி மட்டும் தனக்கென்று 26 மரை வைத்திருந்தது. "என் பாகத்தை என்னிடமே வாங்கு" என்ற பிடிவாதம். கடைசியில் நடந்தது என்ன? பொது அளவில் செய்யப்பட்ட வண்டிக்கு இன்றைக்கும் எந்த ஊரிலும் உதிரிப் பாகம் கிடைக்கிறது. தனி அளவு வைத்த வண்டிக்காரன் அலைகிறான். நானும் அலைந்தேன். திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த ஸ்பானர் குவியலுக்கு நடுவே, ஒரு பழைய ராலியின் கப்பு கோன் செட் கிடைத்தது. மாணவத் தம்பிகளே, ஸ்டாண்டர்டைசேஷன் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், போக்ஸ் கம்பி எல்லாம் மதுரையிலேயே புதிதாகக் கிடைத்தன. எழுபது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து வண்டிக்கு இன்று இந்தியாவில் டயர் தயாராகிறது! நாட்டிங்காமில் ராலி உற்பத்தி 2002-ல் நின்றுவிட்டது. ஆசன்சால் தொழிற்சாலை 1980-ல் அரசுடைமையாகி, பிறகு மூடப்பட்டது. அட்லஸின் கடைசித் தொழிற்சாலை 2020 ஜூன் 3-ல், அதுவும் உலக சைக்கிள் தினத்தன்று, வேலையை நிறுத்தியது. ஆனால் அந்த அளவுகள் சாகவில்லை. லூதியானாவிலும் மற்ற இடங்களிலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வண்டி செய்த கம்பெனி போய்விட்டது, அதன் இலக்கணம் இருக்கிறது.

சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பதை ஐயா வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கம்பியை விரலால் தட்டி வீணைக்குச் சுருதி பார்க்கிற மாதிரி பார்க்கிறார். சுருதி ஒத்துப்போனால் இழுவிசை ஒத்துப்போகிறது என்று அர்த்தம். சக்கரம் நிற்பதே முன்கூட்டி ஏற்றி வைத்த அந்த இழுவிசையால்தான். பாரம் ஏறும்போது தரையைத் தொடும் பக்கத்துக் கம்பிகளில் இழுவிசை கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். ஒருக்காலும் பூஜ்யத்துக்குப் போகக் கூடாது. பிரிஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் படித்த சிவில் நண்பர்களுக்கு இது பழகிய தத்துவம். ஐயா எந்த வகுப்பிலும் படிக்காமல் அதைக் காதால் கேட்டு வைத்திருக்கிறார். "எனக்கப்புறம் இந்தக் கடையில யாரும் வீல் கட்ட மாட்டாங்க தம்பி. பையன் ஏ.சி. மெக்கானிக்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

எந்தப் பொலிவு?

கடைசியில் பெயின்ட். பச்சையைச் சுரண்டலாமா வேண்டாமா? ராலியின் அசல் கறுப்பு, சூளையில் சுட்ட இனாமல். கெட்டியானது. மேலே தூரிகையால் அடித்த பச்சை அவ்வளவு கெட்டி இல்லை. பெயின்ட் ரிமூவர் ஊற்றினால் இரண்டும் போய்விடும். அதனால் சுடுதண்ணீர், சோப்பு, முனை மழுக்கிய மூங்கில் சில்லு. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு சாண் என்று எடுத்தோம். கறுப்பும், அதன் மேல் ஓடும் மெல்லிய தங்கக் கோடும் தெரிய ஆரம்பித்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

செயின் கவருக்கு வந்தபோது பச்சைக்கு அடியில் மஞ்சளாக ஏதோ தட்டுப்பட்டது. மெதுவாக எடுத்தோம். தாத்தாவின் இனிஷியல், கீழே 'வெற்றிலை வியாபாரம், சோழவந்தான்'. ஊர்ப் பெயின்டர் யாரோ கையால் எழுதிய எழுத்து. அந்த மஞ்சள் எழுத்துக்கு அடியில்தான் ராலிக்காரன் போட்ட தங்க எழுத்தும் இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

ஒன்று இருக்க வேண்டுமானால் இன்னொன்று போக வேண்டும்.

மதுரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கீழடி இருக்கிறது. 2015 முதல் அங்கே அகழாய்வு நடந்ததை நாமெல்லாம் பெருமையோடு பார்த்தோம். அகழாய்வு செய்பவர்கள் மேல் அடுக்கைப் பதிவு செய்யாமல் கீழ் அடுக்குக்குப் போக மாட்டார்கள், ஏனென்றால் தோண்டியதைத் திரும்பப் புதைக்க முடியாது. சைக்கிளிலும் அதே கதைதான். பழைய பொலிவைக் கொண்டுவருகிறோம் என்கிறோம். எந்தப் பொலிவை? நாட்டிங்காம் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வண்டி ஒரு நாளும் ஓடாமல் நின்றபோது இருந்த பொலிவையா? வெற்றிலைக் கட்டைச் சுமந்து, வைகைக் கரை ரோட்டில் இருட்டோடு இருட்டாக வந்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியபோது இருந்த பொலிவையா? முதலாவது பொலிவு கொண்ட ராலிகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. இரண்டாவது பொலிவு கொண்டது இந்த ஒன்றுதான்.

மூங்கில் சில்லைக் கீழே வைத்தோம். மஞ்சள் எழுத்து அப்படியே இருக்கிறது. நண்பர் தூக்கிப் போடச் சொன்ன அகலக் கேரியரும் இருக்கிறது. பட்டறையில் பற்றவைத்த அந்தக் கம்பிகளில் வெற்றிலைக் கட்டின் கயிறு உராய்ந்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். இதை எந்தக் கம்பெனியும் செய்து தர முடியாது. அப்பாவின் பச்சையையும் முழுக்க எடுக்கவில்லை. பின் மட்கார்டில் ஒரு முழம் விட்டுவைத்தோம். அதுவும் ஒரு அடுக்குதானே! அப்பா பார்த்துவிட்டு, "நான் அடிச்ச பெயின்ட்டுக்கும் மரியாதையா?" என்று சிரித்தார்.

ஓடுவதற்கு வேண்டியவை எல்லாம் புதிது: டயர், செயின், பிரேக் கட்டை, பால்ரஸ், கிரீஸ். கதை சொல்கிறவை எல்லாம் பழசு. சீட்டுத் தோலை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மதுரையில் செருப்புத் தைக்கும் ஒருவர் அதே அளவில் புதுத் தோல் வெட்டிப் பித்தளை ஆணி அடித்துக் கொடுத்தார். வண்டி இப்போது ஓடுகிறது. ராடு பிரேக் மழையில் அவ்வளவாகப் பிடிக்காது என்ற ஒரு குறையைத் தவிர வேறு குறை இல்லை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டிலும் ஒரு ஹெர்குலிஸோ, பிலிப்ஸோ, ஹம்பரோ, ராபின் ஹுட்டோ கிடக்கலாம். இருபது கிலோ இரும்புக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் என்ன கொடுப்பார் என்று உங்களுக்கே தெரியும். கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் தொடாமல் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஃபிரேம் நம்பரையும் முத்திரையையும் குறித்துக்கொள்ளுங்கள். வில்லை, லாக், டைனமோ, மணி எதையும் கழற்றி எறியாதீர்கள். கழற்றினால் பையில் போட்டு என்ன பாகம் என்று எழுதி வையுங்கள். பெயின்டைச் சுரண்டுமுன் அடியில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த வண்டியை ஓட்டியவர் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எங்கிருந்து எங்கே ஓட்டினார், என்ன ஏற்றினார், யாரை உட்கார வைத்துக்கொண்டு போனார் என்று. ஃபிரேம் நம்பரை எந்தக் காலத்திலும் தேடிக்கொள்ளலாம். இந்தப் பதில்களைக் கேட்க நமக்கு அவ்வளவு காலம் இல்லை.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. அடுத்த சந்திப்பின்போது நம் பழைய சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு நாள் பைக்குகளை வெளியே நிறுத்திவிட்டு, பழைய மாணவர்கள் தங்கள் வீட்டு சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தட்டும். பக்கத்தில் ஒரு அட்டையில் அதை ஓட்டியவர் பெயரும் ஊரும் எழுதி வைப்போம். பெண்டு எடுக்கத் தெரிந்த இரண்டு பெரியவர்களை மரியாதையோடு அழைத்து, மாணவர்களுக்கு வீல் கட்டிக் காட்டச் சொல்வோம். மெட்டல் வொர்க், கைனமாட்டிக்ஸ், ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் மூன்றும் ஒரே மேடையில் நடந்துவிடும்.

என் பங்குக்கு ஒரு ராலி தயார். டயரில் காற்று இருக்கிறது. வில்லையும் இருக்கிறது, 1958-59-க்கு வரி கட்டியாகிவிட்டது!